கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே

ஒரு மூட்டை சிமெண்டுக்கு மனு எழுதிப் போட்டுவிட்டு, பர்மிட் வருமா வராதா என்று தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலம், அறுபதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் மனசின் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். வீடு கட்டுகிறவர்களுக்கே அளந்து கொடுத்த நாட்கள் அவை. தோட்டத்தில் பாதை போடப் போகிறேன் என்று யாராவது விண்ணப்பித்திருந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்திருப்பார். 1982-ல் அந்தக் கட்டுப்பாடு பாதி தளர்ந்து, 1989-ல் முழுக்க விலகி, இன்றைக்குக் காலையில் போனில் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குள் மீன்பாடி வண்டியில் மூட்டை வாசலுக்கு வந்துவிடுகிறது. தி.நகரில் நான் பிறந்து வளர்ந்த தெருவில் சிமெண்ட் கிடைக்காதபோது வீட்டுக்கு வீடு தோட்டம் இருந்தது. சிமெண்ட் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு அந்தத் தோட்டங்கள் எல்லாமே சிமெண்ட் தரையாகிவிட்டன.

எங்கள் வீடு பனகல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு குறுக்குத் தெருவில். கேட்டைத் திறந்தால் நேரே திண்ணை, நடுவே முப்பது அடி மண். ஒரு பக்கம் ஒட்டு மா, மறுபக்கம் பவழமல்லி, பின்கட்டில் கிணறு, துவைக்கிற கல், இரண்டு தென்னை, ஒரு முருங்கை என்று உங்கள் வீட்டிலும் இருந்திருக்கக்கூடியவைதான் எங்கள் வீட்டிலும். கோடையில் அந்த முப்பது அடியும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்துவிட்டால் காலில் இருக்கிற செருப்பைப் பிடுங்கிக்கொண்டு திருப்பித் தராது. மாம்பலத்து மண் அப்படி. 1920-களில் தெருக்கள் போட்டு, பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயரும் ஊருக்கு சர் பிட்டி தியாகராயர் பெயரும் வைப்பதற்கு முன்னால் அங்கே நீளமாகக் கிடந்தது ஓர் ஏரி. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடும் அதன் கரைகள் எங்கே இருந்தன என்று இன்றைக்கும் காட்டிக்கொண்டிருக்கின்றன. ஏரியை வடித்தவர்கள் தண்ணீரைத்தான் வடித்தார்கள். களிமண் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது. சாந்தோமில் இருந்த அத்தை வீட்டு வாசலோ கடல் மணல், எவ்வளவு கொட்டினாலும் அரைமணியில் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். தீபாவளிக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வரும் அத்தை, கேட்டில் நின்று, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரிசையாகப் போட்டிருக்கும் செங்கல்களில் தாண்டித் தாண்டி வருவதைத் திண்ணையிலிருந்து பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் முகம் சின்னதாகிப் போகும். எங்கள் பாதைக்கு முதல் காரணம் அந்தப் புடவைதான் என்று இன்றும் நம்புகிறேன்.

எழுபதுகளின் நடுவில் பக்கத்து மனையில் வீடு கட்டி முடித்தவர்கள், மீந்துபோன சிமெண்டை, மழைக்கு இறுகிக் கல்லாவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. கேட்டிலிருந்து திண்ணை வரைக்கும் ஒரே பட்டையாகப் போட அது எட்டாது. அந்த வீட்டில் வேலை பார்த்த மேஸ்திரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீட்டா ரோடு மாதிரி வேணாம் சார். தனித்தனிப் பலகையா போட்டுட்டு நடுவுல மண்ணை விட்ருங்க, அதுதான் இந்த மண்ணுக்கும் நல்லது" என்றார். கூலி பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, குந்தி உட்கார்ந்து, சொல்லிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டது அம்மா போட்ட காபி மட்டும். அவர் சொன்ன அந்த ஒரு யோசனை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண்ணை விட்டுவிடுவது, எவ்வளவு பெரிய யோசனை என்று எனக்குப் புரிவதற்கு இந்த நகரம் ஒரு வெள்ளத்தையும் ஒரு வறட்சியையும் பார்க்க வேண்டியிருந்தது.

கல் சேர்த்தது தனிக் கதை. சமையல் மேடைக்குக் கடப்பா கல் அறுக்கிற கடையின் பின்னால் கோணல் மாணலாக வெட்டிப்போட்ட துண்டுகள் குவிந்து கிடக்கும், அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். கடப்பாவிலிருந்து ரயிலேறி வந்த அந்தக் கறுப்புக் கல்தான் அன்றைக்குச் சென்னையில் பாதி வீட்டுக்கு அலமாரித் தட்டு, பாதி வீட்டுக்கு அடுப்பு மேடை. ஜல்லி பல்லாவரத்திலிருந்து வந்தது. பல்லாவரத்துக் கல் சாதாரணக் கல் இல்லை என்று பிற்பாடுதான் படித்தேன். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் வைத்த கல்லும் இந்த வகைதான் என்று கண்டு, 1893-ல் டி.எச்.ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதற்குச் சார்னகைட் என்று பெயர் வைத்தார். பரங்கிமலையில் இன்றைக்கு அது தேசிய நிலவியல் சின்னம். அதே பல்லாவரத்தின் சரளைக் குழி ஒன்றில்தான் 1863-ம் வருஷம் மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இன்னொரு நிலவியலாளர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார், அது ஆதி மனிதன் செதுக்கிய கருவி, இந்தியாவில் அந்த வகையில் முதலாவதாக அடையாளம் கண்டது. எங்கள் வீட்டு வாசலில் கொட்டிய வண்டிச் சரளையில் அப்படி ஏதாவது இருந்திருக்குமோ என்று நினைக்கும்போதெல்லாம், அன்று அந்தக் குவியலில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, செந்நிறத்தை ஒரு பக்கமும் வெள்ளையை ஒரு பக்கமும் பிரித்து வைத்த அந்தப் பையன்மேல் எனக்குப் பாசம் பொங்குகிறது. அவனுக்கு வயது பதினான்கு. மொட்டை மாடியில் பாவ வாங்கி உடைந்துபோன வெள்ளை ஓட்டுத் துண்டுகள், பாட்டியின் ஆவக்காய் ஜாடி விழுந்து உடைந்ததில் கிடைத்த பழுப்பும் வெள்ளையுமான பீங்கான், எலியட்ஸ் பீச்சில் பொறுக்கிய கிளிஞ்சல் என்று எல்லாம் அவன் கால்சட்டைப் பையில் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

வேலை இப்படி நடந்தது. ஒவ்வொரு பலகைக்கும் இரண்டடிக்கு ஒன்றரை அடி அளந்து, நூல் பிடித்து, ஆறு அங்குலம் தோண்டினோம். களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், மேலே போட்டதைத் தூக்கி எறியும் என்பதால், மேஸ்திரி மண்மேல் நேராகக் கான்கிரீட் போட விடவில்லை. செங்கல் ஜல்லியைக் கொட்டி, மணலைத் தூவி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் அது கிண் கிண் என்று ஒலிக்கும் வரைக்கும் இடிக்க வேண்டும். சுற்றிலும் ரீப்பர் கட்டையால் சட்டம். ஒரு சட்டி சிமெண்ட், இரண்டு சட்டி ஆற்று மணல், நாலு சட்டி முக்கால் ஜல்லி. முதலில் வறட்டுக் கலவையாக மூன்று முறை புரட்டி, நிறம் ஒன்றான பிறகு நடுவில் பாத்தி கட்டித் தண்ணீரை விட்டுக் குழைக்க வேண்டும். அப்பா தாராளமாகத் தண்ணீர் ஊற்றப் போனபோது மேஸ்திரி குடத்தையே பிடித்துக்கொண்டார். "உப்புமா பதம் சார். கஞ்சியா ஊத்தினீங்கன்னா காயுறப்ப வெடிச்சுரும்." மூன்று அங்குலக் கனத்துக்கு நிரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, எல்லாப் பலகைக்கும் மா மரத்துப் பக்கம் லேசாக வாட்டம் விட்டோம், நாலடிக்கு ஓர் அங்குலம், மழைத்தண்ணீர் தானாக மரத்தின் காலடிக்குப் போய்ச் சேரும்படி.

அதற்குப் பிறகு ஒரு காத்திருப்பு. கலவையின் மேல் மின்னிக்கொண்டிருக்கும் ஈரம் மங்க வேண்டும். விரலை வைத்தால் பள்ளம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததும்தான் கல் பதிக்கலாம். முன்னால் பதித்தால் மூழ்கிவிடும், பின்னால் பதித்தால் கொஞ்ச நாளில் பெயர்ந்து வந்துவிடும். கூழாங்கல்லின் தட்டையான முகம் மேலே இருக்கும்படி வைத்து, கட்டைவிரலால் முக்கால் பங்கு உள்ளே அமுக்கி, ஒரு வரிசை முடிந்ததும் மட்டப்பலகையை மேலே வைத்துத் தட்டிச் சமமாக்கினோம். பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடியே புள்ளிக் கோலத்தின் வரிசையைச் சொல்லச் சொல்ல, ஒரு பலகையில் சிவப்புச் சரளையால் கோலம், இன்னொன்றில் கடப்பாத் துண்டுகளால் தாமரை, திண்ணைக்கு அருகிலிருந்ததில் ஆவக்காய் ஜாடியின் பீங்கானால் ஒரு மீன். பீங்கானையும் கிளிஞ்சலையும் ஓரத்தில்தான் வைக்கலாம், கால் படும் இடத்தில் கூடாது என்பது பாட்டி போட்ட சட்டம். சாயங்காலம் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால், தண்ணீர் தெளித்து, மேலே படிந்த சிமெண்ட் பாலை மெல்லக் கூட்டிவிட்டால் கல்லின் நிறம் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

அப்புறம் சாக்கு. சிமெண்ட் அன்று சணல் சாக்கில் வந்தது. காலியான அதே சாக்கைக் கிழித்து நனைத்துப் பலகைமேல் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் கான்கிரீட்டை ஈரத்திலேயே வைத்திருந்தோம். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. முழு பலம் வர இருபத்தெட்டு நாள் என்று மேஸ்திரி கணக்குச் சொன்னதைப் பின்னால் பாடப்புத்தகத்திலும் படித்தேன். இப்போது பிளாஸ்டிக் பையில் சிமெண்ட் வருகிறது, மழைக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரிந்த சாக்கு சிமெண்டோடு கூடவே இலவசமாக வந்த காலத்தின் சௌகரியம் தனி.

பலகைக்கும் பலகைக்கும் எத்தனை இடைவெளி என்பதில் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அப்பாவின் எட்டுக்கு வைத்தால் பாட்டிக்கு எட்டாது. பாட்டியின் அடிக்கு வைத்தால் அப்பா தடுக்கி விழுவார். கடைசியில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவை நடக்கச் சொல்லி, ஈர மண்ணில் விழுந்த அவள் பாதங்களின்மேல் குச்சி நட்டார் மேஸ்திரி. எங்கள் பாதை அம்மாவின் நடை. இதை யோசித்துப் பாருங்கள்: நம் வீடுகளில் தோட்டத்துக்குள் பெரும்பாலும் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்ததில்லை. ஆகையால் பாதை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது வெறுங்கால்தான். மே மாதத்து மத்தியானத்தில் கடப்பா கல் எப்படிச் சுடும் என்பது ஒரு முறை மிதித்தவர்களுக்குத் தெரியும். அதனால் கறுப்புக் கல் எல்லாம் மா நிழல் விழும் பலகைகளுக்கும், வெள்ளையும் சிவப்பும் வெயில் விழும் பலகைகளுக்கும் போயின. மெருகு ஏற்றிய முகம் மழையில் வழுக்கும் என்பதால் அறுத்துப் போட்ட கல்லின் சொரசொரப்பான பின்பக்கத்தைத்தான் மேலே வைத்தோம்.

மிக்ஸி வந்து வேலையிழந்து நின்ற அம்மியைக் கடைசிப் படியாகப் போட்டுவிடலாம் என்று அப்பா சொன்னபோது மட்டும் பாட்டி திண்ணையிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். "சோறு போட்ட கல்லு அது. கல்யாணத்தன்னைக்கு ஒரே ஒரு தரம் மிதிக்கலாம். தினம் மிதிக்கறதுக்கு இல்லை." அம்மி கிணற்றடிக்குப் போயிற்று. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் எந்த உணவு விடுதிக்குள் நுழைந்தாலும் ஆட்டுக்கல்லில் தண்ணீர் நிரப்பி, செம்பருத்தி மிதக்கவிட்டு, பாதையோரம் வரிசையாக வைத்திருக்கிறார்கள்; கடைகளில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நல்ல விலை. யாரும் மிதிக்காத இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பாட்டி பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

பாதை முடிந்த அன்று தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்ப்பார்கள் என்று அந்தப் பதினான்கு வயதுப் பையன் கேட்டை விரியத் திறந்து வைத்திருந்தான். நின்று பார்த்தது கீரைக்காரம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மிதிக்கலாமா கண்ணு?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பின்னால் வந்த வருஷங்களில் அந்தப் பலகைகளில் எவ்வளவோ நடந்தது: நொண்டியடித்தோம், வெயிலில் வடகம் காய வைத்தோம், தங்கையின் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நடும்போது ஒரு பலகையையும் பெயர்க்காமல் சுற்றிப் போகச் சொன்னார் அப்பா. விட்டுவைத்த இடைவெளிகளில் நாங்கள் ஒன்றும் விதைக்கவில்லை. கீழாநெல்லி தானாக வந்தது, குப்பைமேனி வந்தது, தும்பை வந்தது, ஆவணியில் பவழமல்லி அந்த ஈர மண்ணிலேயே உதிர்ந்து கிடக்கும், விடியற்காலையில் பாதை முழுக்கப் பூ இருப்பதால் பால்காரர் பலகையில் கால் வைக்கத் தயங்கி மண்ணோரமாகவே வருவார். ஐப்பசி மழையில் பலகைகளின் மேல் விழுந்த தண்ணீர் வாட்டத்தில் வழிந்து, இடைவெளியில் இறங்கி, கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். களிமண்தான், ஆனாலும் வேரும் மண்புழுவும் அதற்குள் வழி பண்ணி வைத்திருந்தன. கார்த்திகையில் கிணற்றில் கையை நீட்டினால் தண்ணீர் தொடும்.

தொண்ணூறுகளில் அந்தத் தெருவில் வீடு வீடாக, பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிப் பங்கு தரும் ஜாயிண்ட் வென்ச்சர் வந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. பாகம் பிரிக்கிற வயதில் இருந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஃபிளாட் கிடைப்பது பெரிய விஷயம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதே இடத்தில், இரண்டாவது மாடியில், லிஃப்டும் ஜெனரேட்டரும் உள்ள வீட்டில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கீழே மண் என்று ஒன்று இல்லை. கார் நிறுத்தும் இடத்திலிருந்து காம்பவுண்டுச் சுவர் வரை சந்து விடாமல் சிமெண்ட் போட்டு, பிற்பாடு அதன்மேல் பேவர் பிளாக்கும் பதித்தார்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது எங்கள் கட்டடத்திலும் மாடியிலிருந்து குழாய் இறக்கி, மூலையில் சிமெண்டை உடைத்துக் குழி தோண்டி, அதில் கருங்கல் ஜல்லியும் மணலும் அடுக்கினார்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜல்லி, மணல், அதன் வழியே மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர்; மேஸ்திரி ஒரு காபிக்கு எங்களுக்குச் சொல்லித் தந்ததை இப்போது ஊர் முழுக்கச் சட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருந்தது. நல்ல சட்டம், நகரத்தின் எத்தனையோ கிணறுகளுக்கு உயிர் கொடுத்த சட்டம். ஆனாலும் 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் கார் நிறுத்தத்தில் நின்ற தண்ணீருக்கு இறங்க வழியில்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் பூண்டியும் செங்குன்றமும் சோழவரமும் வறண்டு கிடந்தபோது அதே இடத்தில் நின்று லாரித் தண்ணீருக்குக் குடம் பிடித்தோம். இந்த இரண்டுக்கும் நடுவே நாலு வருஷம்கூட இல்லை.

உடைந்ததையும் மீந்ததையும் வைத்து அழகு செய்வது ஏழ்மையின் அடையாளம் என்று சின்ன வயதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. அதைப் போக்கியவர் சண்டிகரின் நேக் சந்த். பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளர். நவீன நகரம் ஒன்றைக் கட்டுவதற்காக இடித்துத் தள்ளிய ஊர்களின் உடைந்த வளையல், பீங்கான், கல், சிமெண்ட் இவற்றைச் சைக்கிளில் சுமந்து போய், யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் வருஷக்கணக்கில் ஒரு தோட்டம் செய்திருக்கிறார். கண்டுபிடித்த அரசு இடித்துவிடாமல், 1976-ல் அதை மக்களுக்குத் திறந்துவிட்டது. பார்சலோனாவில் கௌடி என்ற கட்டடக் கலைஞர் 1900-க்கும் 1914-க்கும் நடுவே உடைந்த ஓடுகளைப் பதித்து ஒரு பூங்காவையே எழுப்பினார். அதை உலகம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது. நம் ஊருக்கும் இதில் பாத்தியதை உண்டு. சலவைக்கல் மாதிரி பளபளக்கிற கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு காலத்தில் மதராஸ் பெயர் போனது. 1904-ல் இந்தியாவில் முதன்முதலில் சிமெண்ட் செய்து பார்த்த ஆலைகளில் ஒன்றும் மதராஸில்தான் இருந்தது, அதுவும் கடற்கிளிஞ்சலைச் சுட்டு. அந்த ஆலை நிலைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் இன்றைக்கு எதுவும் சரியில்லை என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்ததிலிருந்து, சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து, தள்ளுவண்டிக் குழந்தைகளும் ஊன்றுகோல் தாத்தாக்களும் பயமில்லாமல் நடப்பதைப் பார்ப்பது எனக்கு நிஜமான சந்தோஷம். மாநகராட்சிப் பூங்காக்களில் எட்டு வடிவத்தில் பாதை போட்டு, கூழாங்கல் பதித்திருக்கிறார்கள்; உடம்புக்கு நல்லதென்று ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடந்ததற்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

போன தை மாதம், அடையாறு காந்தி நகரில் இன்னும் தனி வீடாகவே இருக்கும் தங்கையின் வீட்டில், அவள் பேத்தியும் நானுமாக ஒரு பாதை போட்டோம். தை, மாசிதான் இதற்கு நல்ல மாதம். மழையும் விட்டிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, கலவை அவசரப்படாமல் இறுகும். அங்கே மணல் பூமி, ஆறங்குலம் தோண்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆற்று மணலுக்குப் பதில், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்தது. பாலாறும் மற்ற ஆறுகளும் பட்ட பாட்டை நினைத்தால் அது அப்படித்தான் வர வேண்டும். குழந்தையின் கையில் ரப்பர் கையுறை. சிமெண்ட் அரித்த விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தூங்கிய இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன, அவளுக்கு அது வேண்டாம். ரசமட்டத்துக்குப் பதிலாகப் போனைக் கட்டைமேல் வைத்து வாட்டம் பார்த்தாள், அது மேஸ்திரியின் கண்ணுக்குச் சமமாகவே கணக்குச் சொன்னது. கல் பாவிய மாதிரி அச்சு விழுகிற பிளாஸ்டிக் வார்ப்பு ஒன்றை வரவழைத்திருந்தாள்; கலவையை அதில் கொட்டி எடுத்தால் கல்லே இல்லாமல் கல் பாதை வந்துவிடும். ஒரு பலகையை அதில் வார்த்தோம். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருந்ததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, இதுல எது என்னோடது?" என்று கேட்டாள். அடுத்த பலகைக்குத் தெருவிலிருந்து பூவரச இலைகளைப் பறித்து வந்தாள். நரம்பு புடைத்த அடிப்பக்கம் கலவையில் படும்படி வைத்து, மணியாசுக் கட்டையால் ஒற்றி, ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் காலையில் நகத்தால் காம்பைப் பிடித்து உரித்தோம். ஒவ்வொரு நரம்பும் விழுந்திருந்தது. பலகைகளின் இடைவெளியை அவள் நடைக்கு அளக்கவில்லை, வளர்கிற குழந்தை. தங்கையின் மூட்டுவலி நடைக்கு அளந்தோம்.

இந்தப் பாதையின் படங்கள் எப்படியோ எங்கள் ஃபிளாட் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தன. போன கூட்டத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்குப் பேவர் பிளாக்கையும் அதன் அடியிலிருக்கும் சிமெண்டையும் பெயர்த்துவிட்டு, மண் கொட்டி, நடக்கத் தனித்தனிப் பலகை போடலாம் என்று கேட்டேன். மண் வந்தால் கொசு வரும், பாம்பு வரும், பார்க்கிங் போய்விடும் என்று முதலில் பேசினார்கள். சுவரோரம் எந்தக் காரும் நிற்பதில்லை என்பதையும், 2015-ல் எங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதையும் வாட்ச்மேன்தான் எடுத்துச் சொன்னார். அவர்தான் அந்தத் தண்ணீரில் நின்றவர். பொங்கல் கழிந்து ஆரம்பிப்பதாகத் தீர்மானம். கொட்டேஷன் வேண்டும் என்கிறார் பொருளாளர். செங்கல் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் வண்டி வாடகையோடு எழுதிக் கொடுத்துவிட்டேன். கடப்பாத் துண்டுக்கு ஒரு கடையில் பேசியாயிற்று. பதிக்கிற கல்லை மட்டும் விலைக்கு வாங்க வேண்டாம், நாலு மாடிப் பிள்ளைகளும் ஆளுக்கொரு டப்பா கொண்டு வரட்டும் என்று எழுதியிருக்கிறேன். இடைவெளி யார் நடைக்கு என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை. மூன்றாம் மாடி மாமி தன் நடைக்கு வேண்டும் என்கிறார், தண்ணீர் கேன் தூக்கி வருகிற பையனின் நடைக்கு வைக்க வேண்டும் என்பது என் கட்சி.